தமிழ் வலைப்பூவுக்கு டெம்ப்ளேட், ஃபான்ட், படம் தேடுவோருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் ஒரே சந்தேகங்கள் வேறு வேறு பேரிடமிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எடுத்துப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் பிளாகரில் எழுதுபவர்கள் என்பதால் அதை மனத்தில் வைத்தே சொல்கிறேன். வேர்ட்பிரஸ் வேறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறேன். கிடைக்கிற தீம்களில் (டெம்ப்ளேட் என்பதும் இதைத்தான்) பெரும்பாலானவை ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். தமிழ் ஏறியதும் எங்கே பிடிக்கிறது, எங்கே தொளதொளக்கிறது என்று பார்த்துச் சரிசெய்வதுதான் பாதி வேலை. கீழே உள்ள பதில்கள் பலவும் அங்கேதான் போய் நிற்கும்.

புதுசா பிளாக் ஆரம்பிச்சிருக்கேன். நல்ல டெம்ப்ளேட் எங்க கிடைக்கும்?

வெளியே போகாதீர்கள், முதலில் வீட்டில் இருப்பதைப் பாருங்கள். பிளாகர் 2017இல் கான்டெம்போ, சோஹோ, எம்போரியோ, நோட்டபிள் என்று நான்கு தீம்களைக் கொண்டுவந்தது. நான்கும் மொபைலுக்குத் தானாகவே பொருந்தும். இவற்றில் சோஹோவும் எம்போரியோவும் படத்தை நம்பி நிற்பவை. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு நல்ல படம் போட முடியாதவர்கள் அவற்றை எடுத்தால் முகப்பு வெறிச்சோடிக் கிடக்கும். கதை, கட்டுரை எழுதுபவர்களுக்குக் கான்டெம்போ அல்லது நோட்டபிள் போதும். அவற்றுக்கு முந்தைய 'சிம்பிள்' தீமும் இன்னும் இருக்கிறது. பழசுதான், ஆனால் நிறம், அகலம் எல்லாவற்றையும் டிசைனரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

வேர்ட்பிரஸ் என்றால் அதன் அதிகாரபூர்வத் தீம் கிடங்கைத் தாண்டித் தொடக்கத்தில் எதுவும் தேவையில்லை. அங்கே ஏறும் தீம்கள் பரிசீலனைக்குப் பிறகே ஏறுகின்றன, யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். 'ட்வென்டி' என்று தொடங்கும் ஆண்டுத் தீம்களில் புதியதை எடுத்துத் தொடங்கலாம்.

லேஅவுட் பக்கத்துல இழுத்து இழுத்து வைக்கிறேன், ஆனா கலர் மாத்த இடமே காணோமே?

பிளாகரில் இரண்டும் தனித்தனி. லேஅவுட் என்பது எந்தப் பெட்டி எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு. நிறம், எழுத்து, அகலம் எல்லாம் தீம் பக்கத்தில் 'கஸ்டமைஸ்' அழுத்தினால் வரும். அதே பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' என்பதன் கடைசியில் சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் குறிமுறை) சேர்க்க ஒரு பெட்டி இருக்கிறது. கீழே நான் 'சிஎஸ்எஸ் பெட்டி' என்று சொல்வதெல்லாம் அதைத்தான்.

கை வைக்கவே பயமா இருக்கு. எழுதினதெல்லாம் அழிஞ்சிடுமோ?

தீம் மாற்றினால் பதிவுகள் அழியாது. அழியக்கூடியது விட்ஜெட்டுகள். நீங்கள் பக்கப்பட்டியில் ஒட்டி வைத்திருக்கும் எச்டிஎம்எல் பெட்டிகளுக்குப் புதிய தீமில் இடம் இல்லாவிட்டால் அவை உள்ளடக்கத்தோடு போய்விடும். ஆகவே அவற்றில் உள்ளதை ஒரு நோட்பேட் கோப்பில் நகலெடுத்து வையுங்கள்.

தீம் பக்கத்தில் 'கஸ்டமைஸ்' பொத்தானுக்குப் பக்கத்துச் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் 'பேக்கப்' வரும். ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு இறங்கும். பதிவுகளுக்கான பேக்கப் வேறு, அது செட்டிங்ஸில் இருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டு, அதே கணக்கில் இன்னொரு பிளாக் திறந்து, நாலு பழைய பதிவுகளை அதில் ஒட்டி, எல்லாச் சோதனையையும் அங்கே செய்யுங்கள். அதை யாருக்கும் காட்டாமல் பிரைவேட்டாக வைத்துக்கொள்ளலாம்.

ஒரு இலவச டெம்ப்ளேட் தளத்துல அட்டகாசமா ஒண்ணு பாத்தேன். இறக்கிப் போட்டுடலாமா?

போடலாம், திறந்து பார்த்துவிட்டு. இந்த வகை டெம்ப்ளேட்களின் அடிப்பகுதியில் செய்தவரின் பெயரும் இணைப்பும் இருக்கும். அதில் தவறில்லை; உழைத்தவர் பெயரைக் கேட்கிறார். சிக்கல் சிலவற்றில் உள்ளே மறைந்திருக்கும் ஸ்கிரிப்ட். அந்த இணைப்பை நீங்கள் நீக்கினாலோ, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாலோ, உங்கள் பிளாக்கைத் திறக்கும் வாசகரை அது நேராக டெம்ப்ளேட்காரரின் தளத்துக்குத் தள்ளிவிடும். "என் பிளாக்கை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க" என்று பதறி வருபவர்களில் சிலருக்கு நடந்திருப்பது இதுதான்.

எக்ஸ்எம்எல் கோப்பை நோட்பேடில் திறந்து 'இவால்' (eval) என்ற ஆங்கிலச் சொல்லையும் 'லொகேஷன்' (location) என்பதையும் தேடுங்கள். அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணுமாக ஒரே வரி பக்கம் பக்கமாக நீண்டால், யாரோ எதையோ மறைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட டெம்ப்ளேட்டைச் சரிசெய்ய மெனக்கெடாதீர்கள், தூக்கிப் போடுங்கள். காசு கொடுத்து வாங்க வேண்டிய வேர்ட்பிரஸ் தீமை 'நல்டு' என்று இலவசமாகத் தருபவர்களையும் இதே கணக்கில் சேருங்கள். ஜிபிஎல் உரிமம் நகலெடுப்பதை அனுமதிக்கலாம். நகலுக்குள் யார் என்ன சொருகினார்கள் என்பதற்கு அது பொறுப்பேற்காது.

அக்கா, பிளாகர்ல வர்ற ஃபான்ட் லிஸ்ட்ல எதை மாத்தினாலும் தமிழ் எழுத்து மாறவே மாட்டேங்குதே?

அந்தப் பட்டியலில் இருப்பவை ஆங்கில எழுத்துருக்கள். அவற்றில் தமிழ் இல்லாததால் பிரவுசர் வாசகரின் கருவியில் இருப்பதை எடுத்துக்கொள்கிறது: புதிய விண்டோஸில் நிர்மலா, பழைய விண்டோஸில் லதா, ஆண்ட்ராய்டில் பெரும்பாலும் நோட்டோ, மேக்கில் ஆப்பிளின் தமிழ் எழுத்துரு. உங்கள் பிளாக் உங்களுக்கு ஒரு மாதிரியும் உங்கள் தம்பிக்கு இன்னொரு மாதிரியும் தெரிவதற்குக் காரணம் இது.

கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் மொழியைத் தமிழ் என்று வடிகட்டுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் பாதுகாப்பான தேர்வு, ஆனால் ஆண்ட்ராய்டு வாசகருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. நீண்ட கட்டுரைக்கு என் விருப்பம் முக்தா மலர். ஆங்கிலச் சொல் நடுவில் வந்தாலும் உயரம் ஒத்துப்போகிறது. புத்தகச் சாயல் வேண்டுமென்றால் நோட்டோ செரிஃப் தமிழ். கேட்டமரானும் அனேக் தமிழும் தலைப்புக்கு அருமை. பாலூ தம்பி 2 உருண்டு திரண்ட எழுத்து, சமையல் பிளாக்கின் பெயர்ப்பலகைக்குப் பொருந்தும், பத்திக்குப் போட்டால் கண் களைத்துவிடும். கவிவாணர் (Kavivanar) சாய்ந்த கையெழுத்துப் பாணி. நாலு வரிக் கவிதைக்கு மேல் தாங்காது. இவை எல்லாமே ஓஎஃப்எல் என்னும் திறந்த உரிமத்தில் வருகின்றன, விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கும் பிளாக்கிலும் பயன்படுத்தலாம்.

தேர்ந்தெடுக்கும் முன் அந்தத் தளத்தின் மாதிரிப் பெட்டியில் உங்கள் சொந்தப் பத்தி ஒன்றை ஒட்டிப் பாருங்கள். ஸ்ரீ, க்ஷ, ஔ, ஃபே, ஓர் ஆங்கிலச் சொல், ஓர் ஆண்டு என எல்லாம் அதில் கலந்திருக்கட்டும். 'அம்மா இங்கே வா வா' எந்த எழுத்துருவிலும் அழகாகத்தான் இருக்கும்.

கூகுள் ஃபான்ட்ஸ் குடுத்த வரியை அப்படியே ஒட்டினேன். சேவ் பண்ணா சிவப்பா ஏதோ எரர் வருது!

'டிஸ்பிளே' என்பது அரைப்புள்ளியில் முடியவேண்டும் என்று ஆங்கிலத்தில் திட்டுகிறதா? எல்லோரும் ஒரு தடவை அந்தத் திட்டை வாங்குகிறார்கள். பிளாகர் தீம் எக்ஸ்எம்எல் என்பதால் முகவரிக்குள் வரும் & குறியைத் தனியாக ஏற்காது. ஒவ்வொரு & குறிக்கும் பின்னால் ஆங்கிலத்தில் ஏ, எம், பி என்ற மூன்று சிறிய எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் சேருங்கள். 'லிங்க்' வரியின் கடைசிக் கூர் அடைப்புக்கு முன்னால் ஒரு சாய்கோடும் வேண்டும். பிறகு சிஎஸ்எஸ் பெட்டியில் அந்த எழுத்துருவின் பெயரைக் கொடுத்தால் போதும்.

நாளிதழ் தலைப்பு மாதிரி ஒரு தமிழ் ஃபான்ட் இறக்கினேன். போட்டா பழைய எழுத்தேதான் வருது. ஏன்?

அது யூனிகோடு (எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியேற்றம்) எழுத்துரு அல்ல. பாமினி போன்ற பழைய குறியேற்றங்களில் செய்த நூற்றுக்கணக்கான அழகான எழுத்துருக்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. வேர்டில் அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து ஆங்கில விசைகளைத் தட்டிப் பாருங்கள். தமிழ் வந்தால் அது இந்த வகைதான். இன்றைய பதிவுகள் யூனிகோடில் இருப்பதால் அது வேலை செய்யாது.

பிளாக்கின் பெயரை மட்டும் அதில் எழுதிப் படமாக்கித் தலைப்பில் வைக்கலாம். படத்துக்கு மாற்று உரை (படம் தெரியாதவர்களுக்கான விளக்கம்) எழுத மறக்கவேண்டாம். அதற்காகப் பதிவுகளையே பாமினியில் எழுதினால் தேடுபொறிக்கு அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கல். பழைய பதிவுகள் அப்படிக் கிடந்தால் என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவியால் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

படிக்கிறவங்க கண்ணு வலிக்குதுன்றாங்க. எழுத்து அளவு, வரி இடைவெளிக்கு ஏதாவது கணக்கு இருக்கா?

இருக்கிறது, தீம்காரர் போட்ட கணக்கு நமக்கு ஆகாது. தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் புள்ளியும், கீழே 'து', 'ளு' போன்றவற்றின் வாலும் உண்டு. ஆங்கிலத்துக்கு 1.4, 1.5 என்று வைத்த வரி உயரத்தில் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் புள்ளியும் முட்டிக்கொள்ளும். 1.7இல் தொடங்கி 1.9 வரை போட்டுப் பாருங்கள். எழுத்து 17 அல்லது 18 பிக்சல், பத்தியின் அகலம் 700 பிக்சலுக்குள். இந்த மூன்றை மட்டும் மாற்றினாலே புதுத் தீம் போட்ட மாதிரி ஆகிவிடும்.

அடுத்து, தலைப்புகளில் எழுத்து இடைவெளியைக் கழித்தல் கணக்கில் வைப்பது நவீனத் தீம்களில் ஒரு பழக்கம். ஆங்கிலத்தில் அது கச்சிதமாக இருக்கும், தமிழில் 'ண்ண', 'னை' எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சுழியம் ஆக்குங்கள். சாய்வெழுத்தையும் தவிருங்கள், தமிழ் எழுத்துருக்களில் உண்மையான சாய்வு அரிது, பிரவுசர் நேர் எழுத்தையே தள்ளிச் சாய்த்துவிடும். மேற்கோளைக் காட்ட நிறமோ இடது ஓரக் கோடோ போதும்.

இருபுறமும் சமமாக்கும் ஜஸ்டிஃபை வேண்டவே வேண்டாம். 'நிறைவேற்றப்படாமலிருந்ததற்கான' என்று ஒரு சொல் வந்தால் மொபைலில் அந்த ஒரு சொல்லே வரியை அடைக்கும், அதற்கு முந்தைய வரியில் இரண்டு சொல் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். நீளச் சொல் திரைக்கு வெளியே ஓடாமலிருக்க 'ஓவர்ஃப்ளோ-ராப்' (overflow-wrap) என்ற சிஎஸ்எஸ் பண்புக்கு 'பிரேக்-வேர்ட்' (break-word) என்று மதிப்புக் கொடுங்கள்.

கலர் தேர்வு பண்ண எதைப் பாக்கணும்?

கூலர்ஸ், அடோபி கலர் இரண்டும் நிறச் சேர்க்கைகளை இலவசமாகக் காட்டும். அழகைவிட முக்கியம் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு. இணைய அணுகல்தன்மை விதிகள் சாதாரண எழுத்துக்கு 4.5க்கு 1 என்ற விகிதத்தைக் கேட்கின்றன. வெள்ளைமேல் #777777 சாம்பல் 4.48, தேறாது, #767676 என்றால் 4.54, தேறிவிடும். கண்ணால் இந்த இரண்டையும் பிரித்தறியவே முடியாது, அதனால்தான் வெப்எய்ம் தளத்தின் கான்ட்ராஸ்ட் கருவியில் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். நான் பத்திக்கு #333333 வைப்பேன், வேலை முடிந்தது.

கூகுள் இமேஜ்ல எடுத்த படம்தானே, எல்லாரும் போடுறாங்க?

கூகுள் படங்களைத் தேடித்தான் தருகிறது, உரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு, எடுத்தவர் வாழும் காலம் முழுக்கவும் அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. கூகுள் இமேஜிலேயே 'டூல்ஸ்' அழுத்திப் பயன்பாட்டு உரிமையைக் கிரியேட்டிவ் காமன்ஸ் (சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் உரிமம்) என்று வடிகட்டலாம். ஆனாலும் மூலப் பக்கத்துக்குப் போய் உரிமத்தை உறுதிசெய்யுங்கள்.

நம் ஊர் விஷயங்களுக்கு முதலில் போகவேண்டிய இடம் விக்கிமீடியா காமன்ஸ். கோயில், பறவை, பலகாரம், பேருந்து நிலையம் என்று நம்மவர்களே எடுத்து ஏற்றியவை அங்கே ஏராளம். அன்ஸ்பிளாஷ், பெக்ஸெல்ஸ், பிக்ஸாபே மூன்றும் பளிச்சென்று இருக்கும், பெயர் போடும் கட்டாயமும் இல்லை. ஆனால் 'தமிழ்நாடு' என்று தேடினால் வேறு எங்கேயோ எடுத்த படமும் கலந்து வரும், படத்தில் உள்ள பெயர்ப்பலகையை ஒருமுறை வாசித்துவிடுங்கள். பல உரிமங்களை ஒரே இடத்தில் தேட ஓபன்வெர்ஸ் இருக்கிறது.

கீழ 'நன்றி: கூகுள்'னு போட்டா போதாதா?

போதாது. கிரியேட்டிவ் காமன்ஸ் படத்துக்கு எடுத்தவர் பெயர், மூல இணைப்பு, உரிமத்தின் பெயர் மூன்றும் வேண்டும். படத்தை வெட்டியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 'எஸ்ஏ' என்று இருந்தால் நீங்கள் மாற்றிச் செய்த படத்தையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். 'என்டி' என்றால் மாற்றிய வடிவத்தை வெளியிடவே கூடாது. 'என்சி' என்பது வணிகத்துக்கு ஆகாது. பிளாக்கில் கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடினால் அந்தப் படங்களைத் தொடாமல் இருப்பதே நிம்மதி.

வாட்ஸ்அப், ஃபேஸ்புக் ஐகான் வைக்க ஃபான்ட் ஆசம் முழுசையும் ஏத்தணுமா?

நாலு ஐகானுக்காக ஒரு கிடங்கையே இழுத்து வராதீர்கள். சிம்பிள் ஐகான்ஸ் தளத்தில் நிறுவனச் சின்னங்களும், ஃபெதரில் தேடல், மெனு போன்ற பொது ஐகான்களும் தனித்தனி எஸ்விஜி படங்களாகக் கிடைக்கின்றன. அந்தக் குறிமுறையை நேரடியாக எச்டிஎம்எல் பெட்டியில் ஒட்டலாம்.

இன்னொருத்தர் பிளாக் டிசைன் ரொம்பப் பிடிச்சிருக்கு. எடுத்துக்கலாமா?

யோசனையை எடுக்கலாம், கோப்பை எடுக்கக்கூடாது. கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வலது சொடுக்கி 'இன்ஸ்பெக்ட்' அழுத்துங்கள். பத்தியின் அளவு, வரி உயரம், ஓர இடைவெளி எல்லாம் எண்ணாகத் தெரியும். அங்கேயே எண்ணை மாற்றிப் பார்க்கலாம்; பக்கத்தைப் புதுப்பித்தால் பழையபடி ஆகிவிடும், யாருக்கும் எந்தச் சேதமும் இல்லை. உங்கள் பிளாக்கிலும் சேமிக்கும் முன் இப்படியே ஒத்திகை பார்க்கலாம்.

சிஎஸ்எஸ் படிக்க மொசில்லாவின் எம்டிஎன் தளத்துக்கு நிகரில்லை. ஆங்கிலம்தான், ஆனால் எடுத்துக்காட்டுகளை அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். 2003இல் தொடங்கிய சிஎஸ்எஸ் ஸென் கார்டனையும் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். ஒரே எச்டிஎம்எல்லை வைத்துக்கொண்டு சிஎஸ்எஸ் மட்டும் மாற்றி ஆளாளுக்கு எப்படியெல்லாம் வடிவமைத்தார்கள் என்பது அங்கே இருக்கிறது. டெம்ப்ளேட் வேட்டை வெறி அதோடு தணிந்துவிடும்.

கம்ப்யூட்டர்ல எல்லாம் மாறிடுச்சு, மொபைல்ல பழைய மாதிரியே இருக்கே?

'சிம்பிள்' போன்ற பழைய தீம்களுக்கு மொபைலுக்கென்று தனித் தீம் உண்டு. பேக்கப் எடுத்த அதே அம்புக்குறியில் 'மொபைல் செட்டிங்ஸ்' இருக்கும். அதை 'டெஸ்க்டாப்' என்று மாற்றுங்கள். வெளியிலிருந்து இறக்கிய டெம்ப்ளேட்டுக்கும் பெரும்பாலும் இதுவே மருந்து. ஆனால் 'சிம்பிள்' தீம் அப்போது மொபைலில் பொடி எழுத்தாகச் சுருங்கிப்போகும். அது பிடிக்காதவர்கள் முதல் பதிலில் சொன்ன 2017 தீம்களுக்கு மாறிவிடுவதே மேல்.

எல்லாம் அழகா வந்திடுச்சு, ஆனா திறக்க ஒரு யுகம் ஆகுது.

கூகுளின் வேகச் சோதனைத் தளமான பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து மொபைல் கணக்கைப் பாருங்கள். பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். பொதுவாக இரண்டு குற்றவாளிகள். ஒன்று, போனில் எடுத்ததை அப்படியே ஏற்றிய படம். ஸ்குவூஷ் தளத்தில் 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து ஏற்றுங்கள். இன்னொன்று எழுத்துரு. கேட்டமரானில் 9 தடிமன்கள் இருக்கின்றன என்பதற்காக ஒன்பதையும் சேர்க்காதீர்கள், சாதாரணமும் தடித்ததும் போதும். வருகைக் கணக்குக் கருவி, கடிகாரம், பறக்கும் பூ எல்லாம் இன்னும் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஜேர்மனியில இருக்கிறன். கூகுள் ஃபான்ட்ஸ் போட்டால் வழக்கு வருமெண்டு சொல்லினம், உண்மையோ?

அடிப்படை உண்டு. 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று, வாசகரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய ஐபி முகவரி கூகுளுக்குப் போனதற்காக ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. எழுத்துருவைக் கூகுள் சர்வரிலிருந்து நேரடியாக இழுத்ததுதான் அங்கே பிரச்சினை. அந்த எழுத்துருவைப் பயன்படுத்தியது அல்ல.

வேர்ட்பிரஸில் 6.5 பதிப்பிலிருந்து எழுத்துரு நூலகம் வந்துவிட்டது. அதன் வழியாக நிறுவினால் கோப்பு உங்கள் சர்வரிலேயே தங்கும். அல்லது கூகுளுக்குப் பதிலாகப் பன்னி ஃபான்ட்ஸ் என்ற ஐரோப்பியச் சேவையைக் கொடுக்கலாம், இணைப்பு முகவரியின் முன்பகுதி மட்டும்தான் மாறும். பிளாகரில் இருப்பவர்களுக்கு ஒரு சங்கடம்: பிளாக் முழுவதுமே கூகுளிடம் இருக்கும்போது எழுத்துருவை மட்டும் நகர்த்துவதால் பெரிய பயன் இல்லை. வியாபாரத்துக்கான தளம் என்றால் அங்குள்ள சட்டம் தெரிந்தவரிடம் கேட்டுவிடுங்கள்.

சேத்து வச்ச லிங்க் பாதி செத்துப்போச்சு. ஒரு தளத்துல உரிமமே மாறிடுச்சு. முன்னாடி எடுத்த படத்தை எடுத்துடணுமா?

தேவையில்லை, எப்போது எடுத்தீர்கள் என்று காட்ட முடிந்தால். அன்ஸ்பிளாஷ் 2017 வரையும் பிக்ஸாபே 2019 தொடக்கம் வரையும் சிசி0 என்ற முழு விடுதலை முறையில் படங்களைத் தந்தன. பிறகு சொந்த உரிமத்துக்கு மாறின. ஒருமுறை சிசி0வில் வெளியானதைத் திரும்பப் பெற முடியாது. செத்துப்போன பக்கத்தையும், அன்றைக்கு அதில் இருந்த உரிமத்தையும் பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் முகவரி கொடுத்துத் தேடிப் பாருங்கள், பல நேரம் கிடைத்துவிடும்.

அதைவிட, பிறர் சர்வரில் இருக்கும் படத்துக்கு இணைப்பு மட்டும் கொடுத்துக் காட்டும் பழக்கத்தை விடுங்கள். படங்களைச் சேமித்து வைக்கும் தளமான ஃபோட்டோபக்கெட் 2017இல் வெளித்தளங்களில் படம் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் என்று அறிவித்தபோது, உலகம் முழுக்கப் பதிவுகளில் படங்கள் இருந்த இடத்தில் அதன் அறிவிப்புப் பலகைதான் தொங்கியது. எழுத்துரு, ஐகான், படம் எதை எடுத்தாலும் கோப்பையும் உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வையுங்கள். தீம் பேக்கப் கோப்பும் அங்கேயே இருக்கட்டும்.